வழக்குரைக்குப் பின்னே குளிர்த்தி

வைகாசித் திங்கள் பிறந்துவிட்டால் மட்டக்களப்பு நாட்டின் கண்ணகியம்மன் கோயில்களிலே சடங்கு தொடங்கிவிடும். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் செட்டிபாளையத்திலும் இன்னும் எத்தனையோ ஊர்களிலும் மக்கள் கோயில் முன்றிலில் கூடுவர். அங்கே நாள்தோறும் ஏடு படிக்கப்படும். அவ்வேடு வெறுந் தோத்திரமன்று. ஒரு குடும்பத்தின் கதை. கணவனைப் பறிகொடுத்த ஒருத்தி, முடிமன்னன் முன் தனியே நின்று வழக்குரைத்த கதை. அதன் பெயரே 'கண்ணகி வழக்குரை' என்பது. வாய்மொழியாகவும் ஏட்டுச் சுவடியாகவும் வழங்கிவந்த அந்நூலைப் பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்கள் 1968ஆம் ஆண்டிலே அச்சிற் கொணர்ந்து தமிழுலகிற்கு அறிமுகஞ் செய்தார்.

இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தைக் கற்றோர் நூலாகக் காண்பவர் பலர். எம் நாட்டு மக்களுக்கோ அது தம் வீட்டுப் பெண்ணின் துயரம். கோவலன் சிலம்பை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் புறப்படும் பகுதியைப் படிக்கும்போது, எழுத்தறியாத முதுபெண்டிர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொள்வதைச் சிறுவனாயிருந்தபோதே கண்டிருக்கிறேன். கதையின் முடிவு அவர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், 'இவ்வாண்டாவது அவன் போகாதிருக்கக் கூடாதா' என்பதுபோல அவர்கள் முகம் வாடும்.

இவ்வாறு கேட்டு முடித்தவர் வாயில் இயல்பாக எழும் சொல் ஒன்று உண்டு. 'எல்லாம் விதி' என்பதே அது. காதலால் இணைந்தோர் பிரிந்து மாண்ட கதை எதுவாயினும் அதன் இறுதியில் நாம் சொல்லும் சொல் இதுதான். அச்சொல் எவ்வளவு தூரம் உண்மை, யார் அதைச் சொல்லலாம், யார் சொல்லலாகாது என்பதையே இங்கு சிறிது ஆராய விரும்புகிறேன். இது புலவர்க்கு மட்டும் உரிய ஆராய்ச்சியன்று என்பது போகப்போகத் தெரியும்.

ஒருமுறை வகுப்பிலே சிலப்பதிகாரம் படித்துக்கொண்டிருந்தோம். கோவலன் கொலையுண்டதற்குக் காரணம் யாது என்று வினவினேன். 'ஊழ்வினை, சேர்' என்று மாணவர் பலர் ஒரே குரலில் விடையிறுத்தனர். பரீட்சைக்குரிய விடை அதுவே. பிழை என்று சொல்லவும் இயலாது. அப்பொழுது பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். 'ஊழ்தான் கொன்றது என்றால், சேர், கண்ணகி ஏன் அரசனிடம் போனாள்? ஊழிடம் அல்லவா போயிருக்க வேண்டும்?' என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவ்வினாவோடு நூலை மீண்டும் ஒருமுறை முதலிலிருந்து புரட்டினேன்.

காப்பியத்தின் போக்கைத் திருப்பும் இடங்கள் இரண்டு. முதலாவது புகார்க் கடற்கரை. இந்திரவிழா முடிந்த நிறைமதி நாளிலே கோவலனும் மாதவியும் கடலாடச் செல்கின்றனர். கோவலன் யாழை வாங்கிக் காவிரியையும் கடலையும் பாடுகிறான். அவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று ஊடிய மாதவி, தன் மனத்தில் வேறொருவன் இருப்பதுபோல எதிர்ப்பாட்டுப் பாடுகிறாள். இஃது ஊடல் விளையாட்டு. 'யாரை நினைந்து பாடினாய்?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே தீர்ந்திருக்கும். கோவலன் கேட்கவில்லை; எழுந்து போய்விடுகிறான். யாழிசையைச் சாக்காகக் கொண்டு ஊழ் வந்து மூண்டது என்னும் கருத்தை அடிகள் அங்கே வைக்கிறார்.

இரண்டாவது இடம் மதுரை அரண்மனை. ஆடல்மகளிரின் கூத்திலே மன்னன் மனம் வைத்தான் என்று கோப்பெருந்தேவி ஊடி, தலைநோவு என்று சொல்லி அந்தப்புரம் ஏகிவிட்டாள். அவள் ஊடலைத் தீர்க்க விரைந்த பாண்டியன் அமைச்சரை விட்டு வருகிறான். அவ்விரைவிலே, வாயிலில் நின்று பணிந்த பொற்கொல்லன் சிலம்பு திருடிய கள்வன் அகப்பட்டான் என்கிறான். 'யார் அவன்? எங்கே அவன் சிலம்பு? கொண்டுவந்து ஒப்பிட்டுப் பார்' என்று மன்னன் கேட்கவில்லை. கொன்று சிலம்பைக் கொணருமாறு காவலரை ஏவுகிறான். வினை விளையும் காலம் வந்தது என்று அடிகள் இங்கும் சொல்கிறார்.

வாசகர்கள் இவ்விரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டிலும் ஊடல் உண்டு. இரண்டிலும் கேட்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. ஊழ் வானிலிருந்து இடிபோல் இறங்கவில்லை; கேளாமல் விட்ட கேள்வியின் வழியாக நுழைந்தது. கோவலனைக் கொல்ல வந்த காவலரும் அவன் முகத்தைக் கண்டு, இவன் கள்வனல்லன் என்று தயங்கினர். பொற்கொல்லன் களவு நூலின் நுட்பங்களை எடுத்துரைத்து அவர்களை மயக்கினான். அப்பொழுதும் அவர்கள் பேசிக்கொண்டுதான் நின்றார்கள். அவர்களுள் அறிவற்ற ஒருவனே வாளை ஓங்கினான். கடைசிக் கணம் வரையில் ஊழைத் தடுக்கக்கூடிய மனிதர் அவ்விடத்தில் இருந்தனர் என்பதை அடிகள் மறையாமல் காட்டியிருக்கிறார்.

இனி, அம்மாணவியின் வினாவிற்கு வருவோம். கோவலனின் பழவினை இன்னதென்று நூலில் விளக்கப்படுவது எப்பொழுது? வழக்கு நடந்து, பாண்டியன் மாண்டு, தேவியும் உடன் மாண்டு, மதுரை தீயில் எரிந்த பின்னரே. அப்பொழுதுதான் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்வந்து நின்று பேசுகிறது. முற்பிறப்பிலே கோவலன் பரதன் என்னும் பெயரோடு கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் அரசத் தொழில் பார்த்தான். சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் குற்றஞ்சாட்டிக் கொல்வித்தான். அவ்வணிகன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி உயிர்விடும்போது இட்ட சாபமே இவ்வாறு வந்து பலித்தது என்று உரைக்கிறது.

இங்கே இரண்டு செய்திகள் உள்ளன. ஒன்று, அந்தப் பழவினையும் விசாரியாமற் செய்த ஒரு கொலையே. ஊழ் என்று நாம் பெயரிட்டு அஞ்சுவதன் வேரைத் தோண்டிப் பார்த்தால் அங்கேயும் ஒரு மனிதனின் அநீதி கிடக்கிறது. மற்றொன்று, அவ்விளக்கம் யாருக்குச் சொல்லப்படுகிறது என்பது. அரசனுக்கன்று, அழுது நிற்கும் கண்ணகிக்கு. இன்னும் பதினான்கு நாளில் கணவனை வானோர் வடிவில் காண்பாய் என்ற ஆறுதலோடு சேர்த்து அவளுக்குச் சொல்லப்படுகிறது.

பாண்டியன் நினைத்திருந்தால் ஊழைத் துணைக்கு அழைத்திருக்கலாம். 'அம்மையே, உன் கணவன் விதி முடிந்தது; நான் கருவி மாத்திரமே' என்று சொல்லியிருக்கலாம். அவன் அவ்வாறு சொல்லவில்லை. கண்ணகி சிலம்பை உடைத்ததும் மாணிக்கப் பரல் தெறித்தது. தன் தேவியின் சிலம்பிலோ முத்துப் பரல் என்பதை அவன் அறிவான். தான் அரசனல்லன், தானே கள்வன் என்று கூறி வீழ்ந்து உயிர்விட்டான். கோவலனும் அத்தகையவனே. மதுரை வழியிலே மாதவியின் இரண்டாம் கடிதத்தைப் படித்தபோது, அவள்மீது குற்றமில்லை, குற்றம் தன்னதே என உணர்ந்தான். ஆயர் வீட்டிலே இறுதியாக மனைவியோடு பேசும்போது, இது வல்வினையோ மாயமோ என்று ஒரு கணம் திகைக்கிறான். ஆயினும் அத்திகைப்போடு நின்றுவிடவில்லை. வீணரோடு கூடிக் காலங்கழித்ததையும், பெற்றோர்க்குச் செய்ய வேண்டியதைச் செய்யாததையும், இளமையிலேயே முதிர்ந்த அறிவுடைய மனைவிக்குச் சிறுமை செய்ததையும் ஒன்றொன்றாகத் தன் வாயாற் சொல்கிறான். கண்ணகியும் அவன் மனம் நோகாதபடி, ஆனால் ஒளிக்காமல், அவன் செய்தது மேலோர் போற்றாத ஒழுக்கம் என்று சொல்லிவிடுகிறாள். அவர்களது மணவாழ்வின் மிகச் சிறந்த உரையாடல் அது. சொல்ல வேண்டியதைச் சொல்லியும் கேட்க வேண்டியதைக் கேட்டும் அவர்கள் உண்மையில் கணவன் மனைவியானது அந்த ஆயர் குடிசையிலேதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மறுபொழுது அவன் உயிரோடில்லை. இத்துன்பியலின் கொடுமையே அதுதான்.

மேலைநாட்டார் காதல் துன்பியலுக்கு எடுத்துக்காட்டாகக் கொள்வது செகப்பிரியரின் ரோமியோ – ஜூலியட் நாடகம். இவ்விரு கதைகளையும் சேர்த்து நினைக்க எமக்கு ஒரு தனியுரிமையும் உண்டு. கண்ணகி கோயில் கொண்ட காரைதீவிலே 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், செகப்பிரியரைச் 'செகசிற்பியார்' என்று தமிழாக்கி அழைத்து, அவருடைய நாடகங்களை 1926இல் வெளிவந்த தம் 'மதங்க சூளாமணி'யில் ஆராய்ந்தார். 1947இல் வெளிவந்த அவரது 'யாழ்நூல்', சிலப்பதிகார அரங்கேற்று காதையின் ஆராய்ச்சியிலிருந்து விளைந்தது. கடல்கடந்த அவலத்தையும் கோயில் முன்றிலின் அவலத்தையும் ஒரே உள்ளம் சுவைத்தது.

ரோமியோ – ஜூலியட் கதையின் தொடக்கத்திலேயே, விண்மீன்கள் பகைத்த காதலர் என்று முன்னுரை கூறிவிடுகிறது. உண்மையை விளக்கும் கடிதத்தைக் கொண்டுசென்ற துறவி, கொள்ளைநோய் ஐயத்தால் ஒரு வீட்டினுள் அடைக்கப்படுகிறார், கடிதம் சேரவில்லை. இதை விதி என்னாமல் வேறென்னென்பது? ஆயினும் இறுதிக் காட்சியில் வெரோனா நகர்த் தலைவன் விண்மீன்களைக் குறைகூறவில்லை. இரு குடும்பத்துத் தந்தையரையும் அழைத்து உங்கள் பகையின் பயனைப் பாருங்கள் என்கிறான். அப்பகையைக் கண்டும் காணாதிருந்த தன்னையும் அக்குற்றத்தில் சேர்த்துக்கொள்கிறான். இரு பெரும் புலவரும் விதியைத் தம் அரங்கினுள் அழைக்கின்றனர். அதைக் குற்றவாளியின் பக்கத்தில் அமர்த்த இருவருமே உடன்படவில்லை.

எம் நாட்டு வழக்குரையோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. அக்கதையிலே கண்ணகி பாண்டியனின் சோலையில் ஒரு மாங்கனியாகத் தோன்றுகிறாள். கனி குழந்தையாகிறது. இக்குழந்தையால் மதுரைக்கு அழிவு வரும் என்று சோதிடர் சொல்ல, அதனைப் பேழையில் வைத்துக் கடலில் விட்டுவிடுகிறார்கள். புகார் வணிகர் கண்டெடுத்து வளர்க்கின்றனர். விதியைத் தவிர்ப்பதற்காகக் குழந்தையைக் கைவிட்ட மதுரைக்கே, அக்குழந்தை வளர்ந்து நீதி கேட்க வருகிறாள். சோதிடத்தை நம்பியவன் தன் கடமையை மறந்தான். மறந்த கடமையே விதியாய்த் திரும்பிற்று. கிரேக்க நாட்டு ஈடிப்பஸ் மன்னன் கதையைப் படித்த மாணவர் இவ்வொற்றுமையை எளிதில் உணர்வர்.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள். விதி என்னும் அச்சொல்லின் உண்மையான கனத்தை நான் அறிந்தது இரண்டு சாவீடுகளிலே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கடல் பொங்கி வந்தபோது என் சின்னம்மா நாவலடியில் இருந்தார். ஒருபுறம் வாவியும் மறுபுறம் கடலுமாகக் கிடக்கும் ஒடுங்கிய மணற்றிடல் அது. அன்று காலை நகருக்குப் புறப்பட்ட சித்தப்பா, தானும் வருவதாகச் சொன்ன சின்னம்மாவை, 'நீ நில்லு, நான் கெதியா வந்திருவன்' என்று நிறுத்திவிட்டுச் சென்றாராம். அவர் பிழைத்தார், சின்னம்மா பிழைக்கவில்லை. வாரக்கணக்காக அவர் அந்த ஒரு வாக்கியத்தையே சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். என் தாயார் தங்கையை இழந்த தம் அழுகையை அடக்கிக்கொண்டு அவரருகே அமர்ந்து, 'இது விதி, தம்பி. நீ சொல்லித்தான் அவள் நிண்டாள் எண்டு நினையாத' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அச்சொல் அன்று ஒரு மனிதனைச் சாகாமல் காத்தது. அதைப் பகுத்தறிவுக்கு ஒவ்வாதது என்று எவரேனும் எள்ளினால் நான் ஒப்பேன்.

மற்றொன்று சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வீதியோரமாகச் சைக்கிளில் வருகையில், மிதமிஞ்சிய வேகத்தில் வந்த வாகனம் மோதி உயிரிழந்தான். அவன் ஊர் படுவான்கரையில். வாவியின் மேற்குக் கரையை நாங்கள் அவ்வாறு அழைப்போம். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் 'பாதை' என்னும் மிதவையில் வாவியைக் கடந்து அவ்வீட்டிற்குச் சென்றேன். நான் இருக்கையிலேயே, வாகனம் செலுத்தியவர் சார்பில் இருவர் வந்தனர். பணிவாகவே பேசினர். செலவுக்கென்று ஒரு தொகையை எடுத்து வைத்து, 'விதி, அம்மா. ஆர் என்ன செய்யலாம்? வழக்கு எண்டு போய் என்ன வரப்போகுது?' என்றனர்.

அதுவரை சுவரிற் சாய்ந்து வாய்திறவாதிருந்த அத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். 'என்ர பிள்ளை போனது விதி எண்டு சொல்லித்தான் நான் ஆறோணும். அது நான் சொல்லுற சொல்லு. நீங்க சொல்லப்படாது' என்றாள். குரலை அவள் உயர்த்தவில்லை. வந்தவர் பணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போயினர்.

அவ்வம்மை பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவளல்லள். சிலப்பதிகாரத்தின் காதை முறையும் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஆண்டுதோறும் கோயில் முன்றிலிலிருந்து வழக்குரை கேட்டவள். நான் நூலில் தேடியதை அவள் ஒரே மூச்சிற் சொல்லிவிட்டாள். விதி என்னும் சொல் இழந்தவருக்கு உரியது. இழப்பை விளைத்தவருக்கு அதன்மேல் உரிமை இல்லை. என் தாயார் அதைச் சித்தப்பாவுக்குச் சொன்னபோது அது மருந்தாயிருந்தது. அதே சொல், தவறிழைத்தவர் பக்கத்திலிருந்து வந்தபோது இறந்தவனுக்கு இரண்டாம் முறை இழைத்த அநீதியாயிற்று. அவ்வம்மை வழக்காடினாள். விசாரணை நீண்டது, வாவியைக் கடந்து கடந்து நீதிமன்றம் சென்றாள், குற்றம் குற்றமென்று தீர்ப்பாயிற்று. மகன் திரும்பி வரவில்லை. கண்ணகிக்கும் கோவலன் திரும்பி வரவில்லை. எனினும் 'கள்வன்' என்ற பெயர் கோவலனை விட்டு நீங்கிற்று. 'பொடியன் குறுக்கே வந்தானாம்' என்ற பேச்சு இம்மகனை விட்டு நீங்கிற்று.

காதல் துன்பியலைப் படிக்கும் இளைஞர் பலர், காதலின் பெருமை சாவிலே இருக்கிறது என்று எண்ணிவிடுகின்றனர். பிரிவோ தோல்வியோ வந்தால் இது என் விதி என்று சோர்ந்துபோகின்றனர். கண்ணகியின் காதற் பெருமை அவள் அழுததிலும் இல்லை, மாண்டதிலும் இல்லை. கணவன் பிரிந்திருந்த காலத்தில், நீராடிக் காமதேவனைத் தொழுதால் அவன் மீள்வான் என்று தோழி தேவந்தி கூறியபோது, அது பெருமையன்று என்று மறுத்தவள் அவள். அவன் திரும்பி வந்தபோது உடன் நடந்தாள். அவன்மேல் பழி வந்தபோது அதைத் துடைக்க அரண்மனை வாயில் சென்றாள். நேசித்தவருக்காக ஒரு கேள்வியைத் துணிந்து கேட்பதும் காதலின் கடமைகளுள் ஒன்று. அதே கேள்வியைக் கோவலன் மாதவியிடம் அன்போடு கேட்டிருந்தால் காப்பியமே வேறாகியிருக்கும். இளங் கணவன் மனைவியர் இதனை ஊன்றி நினைத்தல் நன்று. வீட்டிலே கேளாமல் விடப்படும் சிறு கேள்விகள்தாம் பிற்காலத்தில் ஊழென்று பெயர் பெறுகின்றன.

எம் முன்னோர் இவ்வுண்மையை விளையாட்டிலும் பதித்து வைத்தனர். கண்ணகியம்மனின் பெயரால் ஆடப்பட்டு வந்த கொம்பு விளையாட்டிலே ஊரார் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாகப் பிரிவர். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். வளைந்த இரு கொம்புகளை ஒன்றோடொன்று மாட்டிக் கயிறு கட்டி இழுப்பர், ஒன்று முறியும், வென்றவர் தோற்றவரைப் பாடி எள்ளுவர். கணவன் மனைவிப் பிணக்கை மூடி வைக்காமல் ஊர்நடுவே இழுத்துப் பார்த்து, சிரித்துத் தீர்த்துவிடும் அறிவு அதிலே இருப்பதாக நான் கருதுகிறேன்.

சிலப்பதிகாரப் பதிகம் நூலின் நோக்கம் மூன்றென்று கூறுகிறது. ஆட்சியிற் பிழைத்தவர்க்கு அறமே கூற்றாகும் என்பது முதலாவது. பத்தினியை உயர்ந்தோரும் போற்றுவர் என்பது இரண்டாவது. ஊழ்வினை வந்தே தீரும் என்பது மூன்றாவது. ஊழுக்கு இடம் உண்டு. ஆனால் அறத்திற்குப் பின்னரே அதன் இடம்.

அம்மன் சடங்கின் ஒழுங்கும் இதுவே. பல நாள் வழக்குரை படித்து, இறுதியிலே நடைபெறுவது குளிர்த்தி. சினந்து நிற்கும் தெய்வத்தைக் குளிரச் செய்யும் சடங்கு. சூடு தணிய வேண்டும், மழை பொழிய வேண்டும், நோய் நீங்க வேண்டும் என்று ஊர் முழுவதும் வேண்டி நிற்கும். ஆனால் எடுத்த எடுப்பில் எவரும் குளிர்த்தி பாடுவதில்லை. 'நடந்தது நடந்துவிட்டது, தாயே, ஆறியிரு' என்று முதலில் சொல்லாமல், அவள் வழக்கு முழுவதையும் உட்கார்ந்து கேட்கிறார்கள். சிலம்பு உடைந்ததையும், பரல் தெறித்ததையும், அரசன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டதையும் கேட்டு முடித்த பின்னரே குளிர்ந்தருளும்படி அவளை வேண்டுகிறார்கள். போராலும் புயலாலும் கடலாலும் எத்தனையோ உயிர்களை இழந்த இந்நாட்டிலே, துயருற்றவரைப் பார்த்து 'விதி, ஆறுங்கள்' என்று சொல்ல விரைவோர், அதற்கு முன் அவர்தம் வழக்கை ஒருமுறை முழுமையாகக் கேட்பாராக.